எண்ணில் அகப்படாத ஆட்டக்காரர்

கூடைப்பந்தாட்டம் தோன்றிய நாளிலேயே இக்கட்டுரை ஆராய எடுத்துக்கொண்ட வினாவும் உடன்பிறந்தது எனலாம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்பீல்டு நகரத்தே, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தாரின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், உடற்பயிற்சிக் கூடத்தின் மேல்மாடத்தில் பழக்கூடைகள் இரண்டைப் பொருத்தி, மாணவர் பதினெண்மரைப் பக்கத்திற்கு ஒன்பதின்மராகப் பிரித்து ஆடவிட்டார். அன்றைய ஆட்டம் முடியுமளவும் கூடையில் விழுந்தது ஒரே பந்துதான். அதனை எறிந்தவர் வில்லியம் சேஸ் என்று நூல்கள் கூறுகின்றன. அவர் எறிதற்கு வழிவிட்டவர் யார், எதிர்ப்பக்கத்தாரின் பந்து ஒன்றேனும் விழாதபடி தடுத்தவர் யாவர் என்பனவற்றைப் பற்றி எவரும் கேட்பதில்லை. புள்ளி எடுத்தவன் பெயர் நிற்கும். மற்றையோர் கூட்டத்தோடு கூட்டமாவர். வாலிபர் சங்கத்தின் வழியே இவ்வாட்டம் நம் நாட்டுக்கு வந்து, 1920-ஆம் ஆண்டில் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியின் முயற்சியாலும் பிறவாற்றானும் நம்மனோர் கல்லூரி மைதானங்களில் வேரூன்றியபோது, அவ்வழக்கமும் கூடவே வந்தது. ஆட்டம் முடிந்ததும் நாம் முதலிற் கேட்பது, 'யார் எத்தனை புள்ளி?' என்பதன்றோ?

இவ்வழக்கம் நியாயமானதுதானா என்பதனை ஓர் உண்மை ஆட்டக்காரரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். அவர் பெயர் ஷேன் பேட்டியர். 2001-ஆம் ஆண்டில் டியூக் பல்கலைக்கழக அணியைத் தேசிய வெற்றிக்கு அழைத்துச் சென்று, கல்லூரி ஆட்டக்காரருள் தலைசிறந்தவர்க்கு நெய்ஸ்மித்தின் பெயரால் வழங்கப்படும் பரிசையும் அவ்வாண்டே பெற்றவர். பின்பு தொழில்முறை ஆட்டத்திற் புகுந்து, 2001 முதல் 2014 வரை மெம்பிஸ், ஹூஸ்டன், மயாமி அணிகளில் ஆடினார். அங்கே அவருடைய சராசரி, ஆட்டம் ஒன்றுக்கு 8.6 புள்ளியே. ஏறத்தாழ முப்பது நிமிஷம் களத்தில் நிற்கும் ஒருவர்க்கு இது சிறு தொகை. தெறித்துத் திரும்பும் பந்தைக் கைப்பற்றியது சராசரி 4.2 முறை; பிறர் புள்ளியெடுக்கப் பந்து வழங்கியது 1.8 முறை. தலைசிறந்தோர் கூடி ஆடும் நட்சத்திர ஆட்டத்திற்கு அவர் ஒருமுறையும் தெரிந்தெடுக்கப்பட்டிலர். இவ்வெண்களை மட்டும் நோக்குவோர் அவரை நடுத்தரத்திலும் சற்றுக் குறைந்தவர் என்றே தீர்ப்பிடுவர். ஆயினும் ஹூஸ்டன் அணியின் மேலாளராயிருந்த டாரில் மோரி, கணக்கிற் பயிற்சி மிக்கவர், அவரைத் தம் அணிக்கு இன்றியமையாதவராகக் கொண்டார். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மைக்கேல் லூயிஸ் என்னும் எழுத்தாளர் நியூயார்க் டைம்ஸ் வாரமலரில் இம்முரண்பாட்டைப் பற்றி நெடுங்கட்டுரை எழுதினார். அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

முதற்கண், பழைய புள்ளிப்பட்டியல் எதனைக் காண்கிறது என்பதனை உணர்தல் வேண்டும். அது பந்தையே பின்தொடர்ந்து செல்லும் கண். எறிந்தது, விழுந்தது, தெறித்தது, பறித்தது ஆகியவற்றையே குறிக்கும். எதிரியின் கையிலிருந்து பந்தைப் பறித்தலும், எறிந்த பந்தை இடையே தட்டிவிடுதலும்கூட அமெரிக்கத் தொழில்முறைச் சங்கத்தில் 1973-74 ஆட்டப் பருவத்தில்தான் எண்ணத் தொடங்கப்பட்டன. அதற்கு முன் ஆடிய தடுப்பாட்ட வீரர் பலருடைய திறம் நமக்குச் செவிவழிச் செய்தியே. ஒருவன் தக்க இடத்தில் வந்து நின்றமையால் எதிரி எறியாமலே விட்டுவிட்டால், அதற்குப் பட்டியலில் இடமே இல்லை. நிகழாதவற்றை எந்தக் கணக்கன் எழுதுவான்!

பேட்டியருக்காக வழக்காடுவோர் முதலில் எடுத்துக்காட்டுவது அணிகளின் வெற்றித் தொகையை. 2005-06 பருவத்தில் மெம்பிஸ் அணி 82 ஆட்டங்களில் 49-இல் வென்றது. 2006-ஆம் ஆண்டு அவரை ஹூஸ்டனுக்கு மாற்றிக்கொடுத்த பின்னர், அடுத்த பருவத்தில் வென்றது 22 மட்டுமே. அவர் சென்றுசேர்ந்த ஹூஸ்டனோ 34 வெற்றியிலிருந்து 52-க்கு ஏறிற்று. இதனைக் கேட்டவுடன் வழக்கு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. மெம்பிஸ் அணியின் தூணாயிருந்த பாவ் கசோல் 2006-ஆம் ஆண்டு உலகப் போட்டியில் காலெலும்பு முறிந்து, அடுத்த பருவத்தின் தொடக்க ஆட்டங்கள் பலவற்றை இழந்தார். ஹூஸ்டன் 34 மட்டும் வென்ற பருவத்தில், அதன் பெருவீரர் இருவருள் டிரேசி மெக்கிரேடி 47 ஆட்டங்களிலும், யாவோ மிங் 57 ஆட்டங்களிலுமே ஆடியிருந்தனர். மறு பருவத்தில் மெக்கிரேடி 71 ஆட்டங்களில் ஆடினார். ஆகவே ஏற்றமும் இறக்கமும் யாரால் வந்தன என்று எவ்வாறு துணிவது? இன்னுமொன்று: பேட்டியர் தொழில்முறையிற் புகுமுன் கிரிஸ்லிஸ் அணி 23 ஆட்டங்களில் வென்றது, அவர் சேர்ந்த முதற்பருவத்திலும் வென்றது அதே 23-தான். அவ்வணி பின்னர் 2003-04-இல் 50 வெற்றிக்கு உயர்ந்தபோது, ஹ்யூபி பிரவுன் என்னும் முதிய பயிற்சியாளரின் திறனே அதற்குக் காரணமெனப் பலர் கொண்டாடினர். அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் பரிசும் அவர்க்கே கிட்டிற்று. ஒருவன் வரவும் ஒரு மாற்றமும் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் முன்னையது பின்னையதற்குக் காரணம் என்று கொள்ளுதல், காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையேயாகும். நண்பர்க்காக வாதிப்போர் தீய சான்றைக் கொண்டு நல்ல வழக்கைக் கெடுப்பது எங்கும் உள்ளதே.

இனி, வலிய சான்றிற்கு வருவோம். இதற்குச் சிறிது எண்கணிதம் வேண்டும், மாணவர்கள் பொறுத்தருள்க.

எறிவு ஒவ்வொன்றிற்கும் ஒரு விலை உண்டு. கூடையின் அருகே நின்று எறிவோன் நூற்றுக்கு 60 முறை வெல்வான் எனின், எறிவு ஒன்றின் விலை 1.20 புள்ளி. மூன்று புள்ளிக் கோட்டிற்கு வெளியே நூற்றுக்கு 36 வெல்வான் எனின், விலை 1.08. அக்கோட்டிற்குச் சற்று உள்ளே நின்று எறிந்து நூற்றுக்கு 40 வெல்லும்போது, விலை 0.80-தான், ஏனெனில் அங்கிருந்து கிடைப்பது இரண்டே புள்ளி. எதிரி தவறிழைத்தமையால் இரண்டு தனியெறிவு கிடைத்து, அவற்றில் நூற்றுக்கு 85 வெல்பவன் பெறுவது 1.70. இவ்வெண்கள் விளக்கத்திற்காக யாம் கொண்டவை. எனினும் தொழில்முறை ஆட்டத்தின் நிலைமை ஏறக்குறைய இதுவே. இப்போது தடுப்பவனது கடமை என்னவென்று பாருங்கள். எதிரியின் பந்தைப் பறித்துக் கரவொலி பெறுதல் அன்று, 1.70-ஐயும் 1.20-ஐயும் மறுத்து, அவனை 0.80-க்கு உடன்படச் செய்தலே. சிறந்த எறிவோன் ஒருவன் ஓர் ஆட்டத்தில் 20 முறை எறிகிறான் என்க. எறிவின் சராசரி விலையை 1.00-லிருந்து 0.90-க்கு இறக்கிவிட்டால், மிச்சமாவது இரண்டு புள்ளி. இரண்டு புள்ளியில் தீர்ந்த ஆட்டங்கள் எத்தனை! ஆனால் அவ்விரண்டும் யார் பெயரிலும் வரவு வைக்கப்படுவதில்லை.

பேட்டியர் செய்தது இதுவே. காலஞ்சென்ற கோபி பிரையன்ட், லாஸ் ஏஞ்சலிஸ் அணியின் மாவீரர், எவ்விடத்தினின்று எறிந்தால் எவ்வளவு வெல்வார், எப்பக்கம் திரும்பினால் குறைவாக வெல்வார் என்பவற்றை ஹூஸ்டன் அணியார் தொகுத்து அவர் கையிற் கொடுப்பர். அவர் அதனைப் பாடம்போற் படித்து, பிரையன்டை விலைகுறைந்த இடங்களுக்கே நெருக்குவார். எறியும் தருணத்தில் பந்தைத் தட்ட முயன்று தவறிழைக்காமல், கண்முன்னே கையை நீட்டிப் பார்வையை மறைப்பார். பிரையன்ட் களத்தில் இருந்தால் அவரணியின் தாக்குதல் மிகுந்திருக்க வேண்டுமன்றோ. பேட்டியர் எதிர்நின்ற வேளைகளில் அம்மிகுதி காணப்படவில்லை என்று மோரி கணக்கிட்டதாக லூயிஸ் எழுதுகிறார். சான் அன்டோனியோ அணியில் மனு ஜினோபிலி என்பார் ஆட்டத்தின் இடையிற் புகுவது வழக்கம். அவர்க்கு எதிரே நிற்கும்பொருட்டு, தம்மையும் தொடக்க ஐவருள் சேர்க்காது பின்னரே இறக்குமாறு பேட்டியர் தாமே கேட்டுக்கொண்டார் என்பதும் அக்கட்டுரையில் உண்டு. தொடக்க ஐவருள் ஒருவராய்ப் பெயர் அழைக்கப்படுதலைத் தொழில்முறை ஆட்டக்காரர் எத்துணை மதிப்பர் என்பதை அறிந்தோர்க்கு இதன் அருமை விளங்கும்.

நிற்க. நிகழாதவற்றை எண்ணுதல் எவ்வாறு? பனிக்கட்டி ஹாக்கி ஆட்டத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'பிளஸ்-மைனஸ்' என்னும் கூட்டல் கழித்தல் முறையை இங்கும் கைக்கொண்டனர். ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் தம் அணி எடுத்த புள்ளியிலிருந்து எதிரணி எடுத்ததைக் கழிப்பது, அவ்வளவே. ஓர் அணி 100-க்கு 102 என்று தோற்றது. அதில் ஒருவர் நின்ற 30 நிமிஷத்தில் கணக்கு 70-க்கு 64. அவர் வெளியே இருந்த 18 நிமிஷத்தில் 30-க்கு 38. அணி தோற்றது; ஆனால் அவர் கணக்கு கூட்டல் 6, அவரில்லாத கணக்கு கழித்தல் 8. அவர் பந்தைத் தொட்டாரா என்பதே இங்கு வினா அன்று. எளிய முறை, ஆயின் எளிமையே இதன் பிழையும். சிறந்த நால்வரோடு சேர்ந்து நிற்பவன் யாராயினும் கூட்டற்கணக்கே பெறுவான். யாவோ மிங்கின் நிழலில் நின்றவர்க்கெல்லாம் யாவோவின் புகழில் பங்கு கிடைத்துவிடும்.

இப்பிழையைத் திருத்தும்பொருட்டு 2000-ஆம் ஆண்டையொட்டி வெய்ன் வின்ஸ்டன், ஜெப் சகாரின் என்னும் இருவர் டல்லஸ் அணிக்காக ஒரு முறை வகுத்தனர். 2004-இல் டான் ரோசன்பாம் என்னும் பொருளாதார அறிஞர் அத்தகைய முறையொன்றை யாவரும் அறிய வெளியிட்டார். ஆட்டத்தை ஆள் மாறுந்தோறும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு சமன்பாடாக எழுதுவர்: இப்பக்கத்து ஐவர் மதிப்பின் கூட்டுத்தொகையிலிருந்து அப்பக்கத்து ஐவரின் தொகையைக் கழித்தால், அத்துண்டில் விளைந்த புள்ளி வேறுபாடு கிடைக்கவேண்டும். பருவம் முழுவதும் பல்லாயிரம் சமன்பாடுகள். அறியப்படாத எண்கள் சில நூறு. உடனின்றார், எதிர்நின்றார் யாவரையும் நீக்கியபின் ஒருவர்க்குத் தனியே எஞ்சுவது எவ்வளவு என்று இவற்றிலிருந்து கணிப்பர். இம்முறையால் நோக்குழிப் பேட்டியரின் மதிப்பு, அவருடைய 8.6 புள்ளி காட்டியதினும் மிக உயர்ந்து நின்றது. மோரியின் நம்பிக்கைக்கு அடிப்படை இத்தகைய கணிப்பே.

ஆனால் இங்கும் இடர் உண்டு. அதனைச் சற்று விரித்துரைப்பேன். ஏனெனில் வாதத்தின் உயிர்நிலை இதுவே. தாவீதும் யோனத்தானும் ஓரணியில் இணைபிரியாது ஆடுகின்றனர் என்க. ஒருவர் இறங்கினால் மற்றவரும் இறங்குவர். ஒருவர் வெளியேறினால் மற்றவரும் வெளியேறுவர். இருவரும் நின்றால் அணிக்கு 10 புள்ளி மிகை. தாவீதின் மதிப்பும் யோனத்தான் மதிப்பும் கூடினால் 10 என்பது ஒன்றே நாம் அறிந்தது. பத்தும் பூஜ்யமுமா, ஐந்தும் ஐந்துமா, பதின்மூன்றும் கழித்தல் மூன்றுமா? எவ்விடையும் பொருந்தும். ஒருநாள் யோனத்தான் காய்ச்சலாற் படுக்க, தாவீது சிறிது நேரம் தனியே ஆடினார். எதிரணியின் பந்து சில எதிர்பாராது விழ, அவர் கணக்கு கழித்தல் 4 ஆயிற்று. உடனே சமன்பாடு என்ன சொல்லும்? தாவீது கழித்தல் 4. ஆகவே யோனத்தான் கூட்டல் 14! சில நிமிஷத்து நற்பேறும் தீப்பேறும் ஒருவரை மலையுச்சியிலும் ஒருவரைப் படுகுழியிலும் வைத்துவிடும். கணிதத்திற் பிழையில்லை, சான்று போதாமையே பிழை.

2010-ஆம் ஆண்டில் ஜோ சில் என்பார் இதற்கு ஒரு மருந்தை எடுத்துக்காட்டினார். எல்லோரையும் முதலிற் சராசரி ஆட்டக்காரர் என்றே கொண்டு, சான்று வலுத்த அளவிற்கே ஒருவரைச் சராசரியினின்று விலகவிடுதல் என்பது அதன் கருத்து. இம்முறையில் தாவீதும் யோனத்தானும் ஏறக்குறைய ஐந்தும் ஐந்துமாகவே நிற்பர். காய்ச்சல் நாளின் சிறு சான்று அவர்களைச் சிறிதே அசைக்கும். வருங்கால ஆட்டங்களை முன்னறிதற்கு இது பழைய முறையினும் மேம்பட்டதாயிற்று. ஆயினும், சமமாகப் பங்கிட்டது தெரியாமையாலேயன்றித் தெரிந்தமையால் அன்று என்பதை நாம் மறத்தலாகாது. அடக்கமுள்ள நீதிபதி ஒருவர் சான்றில்லாத வழக்கில் சொத்தைப் பாதியாகப் பிரிப்பது போன்றது அது.

எதிர்வழக்காடுவோர் கூற்றையும் கேட்போம். ஜான் ஹாலிங்கர் வகுத்த திறன் அளவையில், பட்டியலிலுள்ள எண்கள் யாவும் ஒன்றாக்கப்பட்டுச் சராசரி ஆட்டக்காரர்க்கு 15 என்று அமையும். ஹூஸ்டனில் பேட்டியர் அதற்குக் கீழேயே இருந்தார். அவ்வளவையோ பறித்தல், தட்டுதல் முதலியன தவிரத் தடுப்பாட்டத்தை அறியாதது; ஆதலின் அதனை யாம் பெரிதாகக் கொள்ளோம். அவர்களது வலிய கேள்வி வேறு: 'யாவோவும் மெக்கிரேடியும் இல்லாத ஓரணியில், தாமே புள்ளியெடுக்கவேண்டிய கட்டாயத்தில் பேட்டியரை நிறுத்தினால், அம்மதிப்பு எஞ்சுமோ?' இதற்கு நேர்மையான விடை, எஞ்சாது என்பதே. பேட்டியர் ஐவரைக்கொண்ட அணி ஒன்று புள்ளியெடுக்க வழியறியாது தோற்கும். பிரையன்ட் ஐவரைக்கொண்ட அணியோ பந்தொன்றிற்கு ஐவர் போட்டியிட, எப்படியோ சில ஆட்டங்களில் வெல்லும் என்றே எண்ணுகிறேன்.

இக்கேள்வி பேட்டியரை வீழ்த்திவிட்டது என்று சிலர் கருதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. சமன்பாடு கேட்டது, 'இவர் தனித்து நின்றால் என்ன ஆவார்?' என்பதன்று, 'இவர்களோடு இவர் நின்றபோது என்ன ஆயிற்று?' என்பதே. உப்பை மட்டும் உண்ண இயலாது என்பதனால் சோற்றில் அதன் மதிப்புக் குறைந்துவிடுமா? ஆயின் இதே காரணத்தால், அவர் பக்கத்தார் சிலர் உரைப்பதுபோல், அவ்வெண்ணை அவருடைய உடைமையாக எடுத்துக்கொண்டு, எவ்வணிக்கும் இவர் இத்தனை வெற்றி தருவார் என்று விலை கூறுதலும் பொருந்தாது. அது அவர்க்கும் உடன்நின்றார்க்கும் இடையே விளைந்த மதிப்பு. அதனைத் தனியொருவன் பெயரில் எழுதிவைப்பது நம் கணக்குப் புத்தகத்தின் வசதிக்காகவே. 2008-ஆம் ஆண்டில் ஹூஸ்டன் அணி தொடர்ந்து 22 ஆட்டங்களில் வென்றது; அவற்றுட் கடைசிப் பத்தும் யாவோ மிங் காலிற் காயமுற்று விலகிய பின்னர் வென்றவை. அக்காலத்தில் பேட்டியரின் துணை எத்துணைப் பயன்பட்டது என்பதை அவ்வெற்றிகள் குறிப்பாகக் காட்டுகின்றன. ஆனால் பத்து ஆட்டம் பத்து ஆட்டமே. முன்னர்க் கூறிய காய்ச்சல் நாளின் கதையை நினைவிற்கொள்க.

இவ்விடத்தே ஒரு சிறு செய்தி. பகுதி முடியும் மணியொலிக்குச் சற்று முன், களத்தின் மறுகோடியிலிருந்து கூடையை நோக்கி வீசிப்பார்த்தல் அணிக்கு இழப்பில்லாத முயற்சி. விழுந்தால் மூன்று புள்ளி, விழாவிடின் நட்டமில்லை. ஆனால் 2025-26 பருவத்திற்கு முன்புவரை, அது விழாவிடின் எறிந்தவனது வெற்றி விகிதம் குறைந்தது. ஆகவே அக்காலத்தில் பலர் மணி ஒலித்தபின் வீசுவதுபோல் நடித்தனர். தன்னலம் துறந்தவர் என்று எல்லோரும் புகழும் பேட்டியரும் அத்தகைய எறிவைத் தவிர்த்தார் என்கிறார் மோரி. அவற்றை எங்கள் கணக்கிற் சேர்ப்பதில்லை என்று மோரி எடுத்துச் சொல்லியும், நாளை தம்மை வாங்கப்போகும் அணி அவ்வளவு அறிவுள்ளதாயிராது என்பது பேட்டியர்க்குத் தெரியுமாம். எனக்கு இச்செய்தி மிகப் பிடித்தது. பழைய பட்டியல் எவ்வளவு வலியது என்பதற்கும், பேட்டியர் துறவியல்லர், சம்பளத்திற்கு உழைக்கும் மனிதரே என்பதற்கும் இஃதொன்றே போதும். துணையாட்டக்காரன் ஒருவன் அடுத்த ஒப்பந்தத்தில் என்ன பெறுவான் என்பதை அந்த விகிதங்களே நெடுங்காலம் முடிவு செய்துவந்தன.

2013-14 பருவம் முதல் அமெரிக்க அரங்குகள் யாவற்றிலும் கூரையில் ஒளிப்பதிவுக் கருவிகளை அமைத்து, பதின்மரும் பந்தும் நொடிதோறும் எங்கிருந்தன என்பதைக் குறிக்கத் தொடங்கினர். 2016 முதல், எறிவோன் முன் கைநீட்டியது, பந்தின் போக்கைத் திசைதிருப்பியது, எதிரி வந்து மோதுமாறு நிலைகொண்டு நின்றது முதலியனவும் எண்ணி வெளியிடப்படுகின்றன. பேட்டியர் 2014-இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய நற்பருவங்கள் இக்கருவிகளுக்கு முந்தியவை. அவர் செய்தவற்றுட் பல எக்காலத்தும் எண்ணப்படமாட்டா.

அவருடைய கடைசிப் பெருவெற்றியைச் சொல்லி நிறுத்துகிறேன். 2013-ஆம் ஆண்டில் மயாமி அணியில் அவர்க்கு வயது முப்பத்துநான்கு. அப்பருவத்தின் இறுதிச் சுற்றுகளில் அவர் எறிந்த பந்துகள் தவறித் தவறிப் போயின. பயிற்சியாளர் அவரைப் பெரும்பாலும் வெளியே அமர்த்திவைத்தார். இறுதிப் போட்டி ஏழாவது ஆட்டம் வரை நீண்டது. எதிரணி ஜினோபிலி ஆடிய அதே சான் அன்டோனியோ. ஜூன் 20-ஆம் நாள் இரவு பேட்டியர் மூன்று புள்ளிக் கோட்டிற்கு வெளியிலிருந்து எட்டு முறை எறிந்தார், ஆறு விழுந்தன. மயாமி 95, சான் அன்டோனியோ 88. மறுநாட் காலைப் பத்திரிகைகளில், அவர் பெயருக்கு நேரே, எவரும் எளிதிற் படிக்கும் பழைய பட்டியலிலேயே 18 என்று அச்சாகியிருந்தது.